மூன்று முறை பூட்டியிருந்த வீடு

என் பெயரில் ஒரு விதி இருக்கிறது. பெயரில் விதி இருப்பவர்கள் பெரும்பாலும் விஞ்ஞானிகளாக இருப்பார்கள். நான் புனேயில் ஒரு பொருளாதார ஆய்வு நிலையத்துக்காக முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவன். அந்த நிலையத்தின் களப்பணிக் கையேட்டில் இப்படி ஒரு வரி உண்டு: 'ஒரு வீடு மூன்று முறை பூட்டியிருந்தால் அதன் வலப்பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளவும், பழைய வீட்டின் எண்ணையே புதிய வீட்டுக்கும் இடவும்.' அலுவலகத்தில் இதற்கு 'சங்கரன் ரூல்' என்று பெயர். பல வருடங்கள் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த விதி ஆய்வில் பிறக்கவில்லை. கசார்வாடியில் ஒரு டீக்கடைத் தகரக் கூரைக்குக் கீழே பிறந்தது. ஜூலை மாதம். புனே மழை கொட்டிவிட்டு ஓய்கிற மழை அல்ல. வீட்டுக்கு வந்த மாமனார் மாதிரி நாள் முழுக்க நச்சரிக்கும். என் காலில் புது ஷூ. பூட்டிய வீடு ஒன்றுக்கு மூன்றாம் முறையாகப் போய்த் திரும்பியிருந்தேன். நான்காம் முறை போக மனசில்லை. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. ஏன் வலப்பக்கம் என்று பின்னாளில் ஒரு கருத்தரங்கில் என்னைக் கேட்டார்கள். சீரற்ற தேர்வு, ஒருபால் கோடாமை என்றெல்லாம் ஐந்து நிமிடம் பேசினேன். உண்மையான காரணம், இடப்பக்கத்து வீட்டு வாசலில் சாக்கடை பொங்கி நின்றது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் நித்யா. கோயம்புத்தூர்ப் பெண். புனேயின் கராடிப் பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். எங்கள் நிலையத்தின் கணக்கெடுப்பை எல்லாம் கைப்பேசிச் செயலியாக மாற்றித் தரும் வேலை அவளுடைய குழுவுக்குக் கிடைத்திருக்கிறது. போன மாதம் என் வீட்டுக்கு வந்து, நான் தந்த காபியைப் பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அங்கிள், உங்க ரூலை அப்படியே ஆட்டோமேட்டிக் பண்ணிட்டோமுங்க. மூணு வாட்டி ஃபோன் கால் போகும். எடுக்கலைன்னா ஆப்பே வேற ஃபேமிலியைத் தூக்கிப் போட்டுக்கும். நாலே செகண்டுதான்."

"அந்தப் பழைய குடும்பம்?"

"அதுதான் ரீப்ளேஸ் ஆயிருச்சுங்களே."

"அவங்க எங்க போனாங்கன்னு கேக்க இடம் இருக்கா?"

"அதுக்கு ஃபீல்டு இல்லீங்க அங்கிள். உங்க ஃபார்ம்லயே இல்லையே."

இல்லைதான். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் அப்பா புனேயின் கட்கியில் உள்ள படைக்கலத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கல்லூரியில் மராத்தி என்று மூன்றிலும் அரைகுறையாக வளர்ந்து, பொருளாதாரத்தில் இரண்டாம் வகுப்பில் தேறினேன். மூன்று மொழியிலும் கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்று நிலையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு வாரம் பயிற்சி. கற்றது இவ்வளவுதான்: செருப்பை வெளியே விடு, தண்ணீர் கொடுத்தால் குடி, டிவியைப் பார்க்காதே, பதிலைக் கேட்டு முகம் சுளிக்காதே.

எங்கள் இயக்குநர் டாக்டர் லிமயே. மெலிந்த மனிதர். முப்பது வருடத்தில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். மிகவும் கோபம் வந்தால் சீவிய பென்சிலையே மறுபடி சீவுவார். அவர் மேஜையில் இருந்த பென்சில்களின் நீளத்தைப் பார்த்து அன்றைக்கு அறைக்குள் போகலாமா என்று முடிவு செய்வோம்.

அவருக்கு ஒரு கோட்பாடு இருந்தது. அது நல்ல கோட்பாடு; இன்றைக்கும் நான் அதைக் குறை சொல்லமாட்டேன். பொருளாதாரம் கடிகாரம் மாதிரி ஓடும் இயந்திரம் அல்ல, அது காடு மாதிரி வளர்வது என்பார். ஒவ்வொரு பட்டறைக்கும் குடும்பத்துக்கும் சில பழக்கங்கள் இருக்கின்றன. யார் எதை எப்போது எப்படிச் செய்வது என்று யாரும் எழுதி வைக்காமலே நடக்கும் பழக்கங்கள். உயிர்களுக்கு மரபணு மாதிரி அவை. சூழல் மாறும்போது சில பழக்கங்கள் பிழைக்கின்றன, சில அழிகின்றன, பிழைத்ததைப் பக்கத்துப் பட்டறை பார்த்துக் காப்பியடிக்கிறது. இதைப் பிடிக்க ஒரே வழி, அதே பட்டறைகளுக்கும் அதே குடும்பங்களுக்கும் வருடா வருடம் போய்க்கொண்டே இருப்பது. கசார்வாடி, போசரிப் பக்கம் சில நூறு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண், எண் போட்ட ஒரு அட்டை. அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு எவர்சில்வர் டப்பாவும் கொடுத்தோம்.

கடைசிக் கேள்வி எப்போதும் ஏணி. பத்துப் படி ஏணி வரைந்த அட்டையை நீட்டுவோம். உச்சிப் படி நீங்கள் நினைத்துப் பார்க்கக்கூடியதிலேயே நல்ல வாழ்க்கை, அடிப்படி ரொம்ப மோசமானது, இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இதற்கு நான் கேட்ட பதில்களைத் தொகுத்தால் தனிப் புத்தகம் ஆகும். ஒருவர், "ஏணிய கீழ யாராச்சும் புடிச்சிட்டிருக்காங்களா?" என்று கேட்டார். படிவத்தில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம்.

நூற்றுப் பதினேழாம் எண் வீடு கிருஷ்ணவேணியுடையது. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். அவளுக்கு முன்பே இரண்டு தலைமுறை புனேயில். முன்னால் தகரக் கூரைப் பட்டறை, பின்னால் வீடு. கணவர் தேவராஜ் லேத்தில் மோட்டார் சைக்கிளுக்கான புஷ் கடைவார், கட்டைவிரல் மொத்தத்தில் சின்ன இரும்புக் குழல். போசரியில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போகும். கடைந்த ஒவ்வொரு புஷ்ஷையும் கிருஷ்ணவேணி மண்ணெண்ணெயில் முக்கி, பழைய சேலைத் துணியால் துடைத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். விரல் எங்காவது தயங்கினால் அது தனி டப்பாவுக்குப் போகும். நான் கேள்வி கேட்கக் கேட்க விரல் வேலை செய்துகொண்டே இருக்கும். அந்த விரலைப் பற்றி நான் எழுதிய அரைப் பக்கத்தை லிமயே அடிக்கோடிட்டு, "சங்கர், இதுதான் மரபணு" என்றார். அன்று அவருடைய பென்சில் நீளமாக இருந்தது.

முதல் வருடம் ஏணியில் ஆறு என்றாள். அடுத்த வருடம் யோசித்தாள்.

"அஞ்சுல நிக்கறேன் சார். ஒரு கால் ஆறுல இருக்குது."

"ரெண்டு படியில நிக்க முடியாதும்மா. ஒண்ணு சொல்லணும்."

"உங்க ஏணியில முடியாது. நம்ம வூட்ல அப்பிடித்தான் நிக்கறோம்."

ஐந்து என்று எழுதிக்கொண்டேன். அதற்கடுத்த வருடம் போசரிக் கம்பெனி, இனி ஒவ்வொரு பெட்டியோடும் இயந்திரம் அளந்த சான்று வேண்டும் என்றது. கிருஷ்ணவேணியின் சுண்டுவிரல் சான்று அச்சடிக்காது. அந்த வருடம் நான்கு. நான்கு என்றபோது மட்டும் அவள் விரல் நின்றதைக் கவனித்தேன். அதற்கும் கட்டம் இல்லை.

மறு வருடம் மழையில் போனபோது வீடு பூட்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துப் போனேன், பூட்டு. ஒரு வாரம் கழித்துப் போனேன், அதே பூட்டு. நான் எழுதிய விதி எனக்கே வழி காட்டியது. வலப்பக்கம் திரும்பினேன்.

வலப்பக்கத்தில் ஷிண்டே. பட்டறையை நீட்டிக் கட்டியிருந்தார்; பின்புறம் ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வேலை செய்யும் சத்தம். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். உள்ளேயிருந்து இஞ்சி தட்டிப் போட்ட டீ வந்தது. நல்ல டீ என்று சத்தமாகவே பாராட்டினேன். ஷிண்டே அளவு பார்க்கும் இயந்திரம் ஒன்றைப் பங்குக்கு ஏற்பாடு செய்திருந்தார், சான்று கொடுத்தார், கம்பெனி அவரிடம் வாங்கியது. ஏணியைக் காட்டினேன். எட்டு என்றார், அட்டையைச் சரியாகப் பார்க்காமலே.

பச்சை பெயின்ட் அடித்த லேத் ஒன்று அவருடைய பட்டறையில் புதிதாக நின்றது. அதன் தலையில் குங்குமப் பொட்டு. அந்தப் பொட்டு எனக்குத் தெரியும். மூன்று வருடம் அதற்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறேன். தேவராஜின் லேத். என் மூளைக்குள் ஏதோ ஒன்று தும்மப் பார்த்தது. பிறகு படிவத்தில் 'புதிய இயந்திரங்கள்' என்ற கட்டம் கண்ணில் பட்டது. 'ஒன்று' என்று எழுதினேன். எண் நூற்றுப் பதினேழு என்று தலையில் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அந்த வருட அறிக்கையில் நூற்றுப் பதினேழு தனிப் பெட்டிச் செய்தியாக வந்தது. 'சூழல் மாறியபோது தன் பழக்கத்தை மாற்றிக்கொண்ட ஒரு சிறு நிறுவனம், ஒரே ஆண்டில் ஏணியில் நான்கு படிகள் ஏறியது.' லிமயே அதை வெளியூர்க் கூட்டங்களில் எல்லாம் வாசித்தார். நானும் ஒரு கூட்டத்தில் கைதட்டினேன்.

எட்டு மாதம் கழித்துக் கிருஷ்ணவேணி எங்கள் அலுவலகத்துக்கே வந்தாள். வாசல் காவலாளியிடம் நூற்றுப் பதினேழு என்ற அட்டையைக் காட்டியிருக்கிறாள். நான் போனபோது எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், இந்த நம்பர் என்னுதுதானே?"

"ஆமாம்மா."

"அப்பறம் ஏன் நான் நல்லா இருக்கறேன்னு எழுதிக் குடுத்தீங்க?"

பட்டறையை மூடியவர்களுக்குப் போசரியில் புதுக் கொட்டகை ஒதுக்கும் திட்டம் ஒன்று வந்திருந்தது. யார் மூடினார்கள், யார் ஓட்டுகிறார்கள் என்று புதிதாக அலைய அந்த அலுவலகத்துக்கு மனமில்லை. என்னுடைய ஷூ மாதிரியே அவர்களுடையதும் புதிதாக இருந்திருக்கலாம். எங்கள் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கிருஷ்ணவேணி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியதும், "உங்க யூனிட் ஓடுது, நாலு படி ஏறியிருக்குன்னு போட்டிருக்கே தாயி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அவரு சாக்கன் பக்கம் ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் காம் செய்யறாரு. நான் ஷிண்டே பட்டறையில விரல் போடறேன். மிஷின் அளந்த பிறகும் என்னைய ஒரு வாட்டி பாக்கச் சொல்றாரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார். ஒரு கொட்டா கெடச்சா நாங்களே திரும்ப ஆரம்பிச்சிடுவோம். வெள்ளிக்கிழமை லிஸ்ட் முடியுதாம். இது நான் இல்லன்னு ஒரு காகிதம் குடுங்க, போதும்."

அன்று திங்கட்கிழமை. நேரே லிமயேயின் அறைக்குப் போனேன். லேத், பூட்டு, வலப்பக்கம், எட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கடையைப் பற்றிக்கூடச் சொன்னேன். அவர் பென்சில் சீவத் தொடங்கினார்.

"உங்கள் விதிப்படி இதுவரை எத்தனை வீடுகள் மாறியிருக்கின்றன, சங்கர்?"

"எண்ணிச் சொல்கிறேன்."

"எண்ணாதீர்கள்" என்றார், மிக மென்மையாக. "எண்ணினால் அது தரவாகிவிடும்."

எண்ணினேன். மறுநாள் முழுக்கப் பதிவறையில் இருந்தேன். விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று போனவன், அலமாரியின் மூன்றாம் தட்டுக்கு வந்தபோது உட்கார ஸ்டூல் தேடினேன். எண்ணிக்கையைவிட மோசமானது அதில் இருந்த ஒழுங்கு. பூட்டிப் போன வீடுகள் எல்லாம், போவதற்கு முந்தைய வருடம் நான்கு, மூன்று, இரண்டு என்று சொன்ன வீடுகள். அவற்றுக்குப் பதிலாக வந்தவை, தெருவில் இன்னும் நிற்கிற, விளக்கு எரிகிற வீடுகள். எங்கள் வரைபடம் வருடா வருடம் மேலே போனது மக்கள் ஏறியதால் அல்ல. இறங்கியவர்களை நாங்கள் ஏணியிலிருந்தே எடுத்துவிட்டதால். பரிணாமம் படிக்கிறோம் என்று பலகை மாட்டிக்கொண்டு, அழிந்ததை எல்லாம் நாங்களே கூட்டிப் பெருக்கி வெளியே போட்டுவிட்டு, மிஞ்சியதைக் காட்டி, பார், எல்லாம் எப்படிப் பிழைத்துக்கொண்டன என்று வியந்திருக்கிறோம். இந்த மடத்தனத்துக்கு முனைவர் பட்டம் வேறு இரண்டு பேருக்குக் கிடைத்திருக்கிறது.

அந்தச் சுண்டுவிரலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழக்கம் அழியவில்லை, பக்கத்துப் பட்டறைக்குப் போய்ச் சௌக்கியமாக இருக்கிறது. கோட்பாடு சொன்னது சரிதான். ஆனால் விரலுக்குச் சொந்தக்காரி அந்தப் பட்டறையில் கூலிக்கு நிற்கிறாள். பழக்கம் பிழைத்தால் மனிதர்களும் பிழைத்தார்கள் என்று எழுத எங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கடிதம் எழுதினேன். 'நூற்றுப் பதினேழாம் எண்ணில் உள்ள தற்போதைய விவரம் வேறொரு குடும்பத்தினுடையது. அசல் குடும்பம் தன் பட்டறையை மூடிவிட்டது.' மூன்றே வரி. இயக்குநர் கையெழுத்துக்கு வைத்தேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், குறைந்தபட்சம் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருப்பேன். "பார்க்கிறேன்" என்று கண்ணாடிக் குண்டுக்குக் கீழே வைத்தார். புதன் போயிற்று. வியாழன் மாலை கடிதம் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. இரண்டு இடத்தில் ஆங்கில இலக்கணத்தைப் பென்சிலால் திருத்தியிருந்தார். கையெழுத்து இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, களப்பணிச் சூப்பர்வைசர் என்று என் கையெழுத்தையே போட்டுக்கொண்டு கிருஷ்ணவேணியோடு போசரி அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூப்பர்வைசர் கையெழுத்தா? டைரக்டர் வேணுமே, சாஹேப்."

"இந்த வீட்டுக்குப் போய் எழுதினவன் நான்தான். தப்பா எழுதினவனும் நான்தான். எனக்குத் தெரியாதா?"

"தப்பா எழுதினது நீங்கன்னா, இதையும் தப்பா எழுதலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

முப்பத்தோரு வருடத்தில் என் முறையியலுக்கு வந்த ஒரே சரியான விமரிசனம் அதுதான். ஐந்து மணிக்கு ஜன்னல் மூடியது. பட்டியலும் மூடியது. கிருஷ்ணவேணி கடிதத்தை மடித்து டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. "பஸ்சு ஆறரைக்கு மேல கிடைக்காது சார்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். ராஜினாமா எழுதவும் செய்தேன். அதையும் திருத்தித் தந்துவிடுவாரோ என்ற பயத்தில் கொடுக்கவில்லை. மிச்ச வருடங்களையும் ஓட்டி, ஓய்வு பெற்ற அன்று சுவர்க் கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு, லிமயே என்னை 'தொடர் அறுபடாமல் காத்தவர்' என்று புகழ்ந்ததையும் கேட்டுக்கொண்டேன். நான் செய்த கலகம் இவ்வளவுதான்: அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, மாற்றிய ஒவ்வொரு வீட்டின் கோப்பிலும் 'பழைய வீட்டார் எங்கே?' என்று ஒரு துண்டுச்சீட்டைக் குத்தி வைத்தேன். சிலரைத் தேடிப் பிடித்துப் பதிலும் எழுதினேன். படிவங்களை ஸ்கேன் செய்தபோது துண்டுச்சீட்டுகள் நிழல் விழவைக்கின்றன என்று பிடுங்கி எறிந்துவிட்டார்களாம். நித்யா சொன்னாள்.

அவளிடம் இவ்வளவையும் சொன்னேன். காபி ஆறிப்போயிருந்தது.

"அங்கிள், ஃபீல் பண்ணாதீங்க. ஒரு கேள்வி சேர்க்கறது பெரிய விஷயமில்லீங்க. ஆனா கிளையன்ட் கேக்கணும். அவங்க கேக்க மாட்டாங்க."

ஏன் கேட்கமாட்டார்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான்கு விநாடி. எனக்காவது மழையில் மூன்று முறை நடந்து போய்ப் பூட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பூட்டு கொஞ்ச நேரமாவது மனதில் தொங்கியது. இனி அதுவும் இல்லை. காணாமல் போகிறவர்கள், காணாமல் போன அதே நான்கு விநாடியில், வேறொருவராக மாறி நன்றாக வாழத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு என் பெயர்.

போன ஞாயிற்றுக்கிழமை, இதை எழுதுவதற்கு முன், கிருஷ்ணவேணியிடம் அனுமதி கேட்கக் கசார்வாடிக்குப் போனேன். தமிழில் எழுதுவதால் லிமயேயின் பென்சில் இங்கே எட்டாது என்ற தைரியம். அவள் இன்னும் ஷிண்டே பட்டறையில்தான் இருக்கிறாள். பேரை மாற்றிப் போடச் சொன்னாள், போட்டிருக்கிறேன். மூன்று தடவையும் நான் மழையில் வந்ததை, பூட்டைப் பார்த்ததை, அன்றைக்கு அவள் எங்கே போனாள் என்று தெரியாமல் அந்தத் தப்பு நடந்துவிட்டதை ஒரு பாவமன்னிப்பு மாதிரி விவரமாகச் சொன்னேன். சுண்டுவிரலை ஒரு புஷ்ஷுக்குள் சுற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க போனேன்னு தெரியலன்றீங்களே சார்" என்றாள். "ஷிண்டே கிட்ட உக்காந்து டீ நல்லாருக்குன்னு சத்தமா சொன்னீங்க இல்ல? தடுப்புக்குப் பின்னால நின்னு அந்த டீயைப் போட்டதே நான்தான்."